முதல் கத்தி யார் கையில்?

தஞ்சாவூர் ஜங்ஷனில் ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸுக்குக் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தாலே, யார் எதற்குச் சென்னைக்குப் போகிறார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். தோளில் லேப்டாப் பையோடு நிற்கிற பையன் லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிறான். அரிசிப் பையும் உரித்த தேங்காயுமாக வருகிற அம்மா மகள் வீட்டுக்குப் போகிறார். பெரிய பிளாஸ்டிக் கவரை மடிக்காமல், கீழே வைக்காமல், மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருப்பவர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார். கவருக்குள் ஸ்கேன் ஃபிலிம் இருக்கும். எந்த ஆஸ்பத்திரி என்பதும் தெரிந்ததுதான். ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் கேட்பார்.

"அடையாறுங்களா?"

"ஆமாங்க. மெடிக்கல்ல எழுதிக் குடுத்திருக்காங்க."

அதற்கு மேல் யாரும் தோண்டமாட்டார்கள். டெல்டாக்காரர்கள் வாயில் 'அடையாறு' என்பது ஓர் ஆறுமல்ல, சென்னையில் ஒரு பேட்டையுமல்ல, புற்றுநோய் ஆஸ்பத்திரி. 'மெடிக்கல்' என்பது மருந்துக் கடையல்ல, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே ஏறத்தாழ 340 கிலோமீட்டர்.

சம்பா நடவு மும்முரமாக இருந்த ஒரு ராத்திரி, அந்த பிளாட்பாரத்தில் ஓர் அப்பாவும் மகனும் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பையனுக்குப் பதினைந்து, பதினாறு வயதிருக்கும். இடது முழங்காலுக்கு மேலே வீக்கம். கால் சட்டைக்குள் அடங்காததால் அப்பாவின் கைலியைக் கட்டியிருந்தான். பேரும் ஊரும் இங்கே வேண்டாம்.

"கபடியில அடிபட்டதுன்னு நெனைச்சோம் சார். எண்ணெய் போட்டு உருவிவிட்டாங்க. பச்சிலை வெச்சு மூணு வாரம் கட்டு. வீக்கம் வடியலை, இன்னும் கூடிப்போச்சு. அப்புறம் ஒரு நர்சிங் ஹோம்ல சீழ் கட்டியிருக்குன்னு கீறினாங்க."

"சீழ் வந்துச்சா?"

"எங்க? ரத்தம்தான் வந்துச்சு."

கைலியை விலக்கிக் காட்டினார். தொடையின் குறுக்கே, நாலு விரல் அகலத்துக்குத் தையல் போட்ட தழும்பு. வெட்டி எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கேட்கலாம் என்றே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை.

அந்தத் தழும்பு எனக்கு உறுத்தியதற்குக் காரணம் உண்டு. எலும்பிலும் தசையிலும் வருகிற சார்கோமா வகைப் புற்றுநோயில், ஊசி போன வழியும் கத்தி போன வழியும் நோய் போகிற வழியாகிவிடலாம். கட்டியிலிருந்து சதை எடுக்கும்போது அந்தப் பாதை நெடுக நோயின் செல்கள் சிந்தியிருக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் பின்னால் பெரிய அறுவை செய்கிற டாக்டர், கட்டியோடு சேர்த்து அந்தப் பாதையையும் வெட்டி எடுப்பார். காலின் நீளவாக்கில் சின்னதாகக் கீறியிருந்தால் அவருக்கு வேலை சுலபம். குறுக்கே கீறியிருந்தாலோ, பெரிய ரத்தக்குழாய் ஓடுகிற பக்கம் கை வைத்திருந்தாலோ, காப்பாற்றியிருக்கக்கூடிய காலையும் எடுக்க வேண்டி வரலாம். சதை எடுப்பது சின்ன வேலை என்று நாம் நினைக்கிறோம். எங்கே எடுப்பது, எப்படி எடுப்பது என்பதை, கடைசி அறுவையைச் செய்யப்போகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் ஹென்றி மாங்கின் 1982-ல் இதைக் கணக்கெடுத்து வெளியிட்டார். 16 சிகிச்சை மையங்கள், 329 நோயாளிகள். அவர்களில் 15 பேருக்கு, சதை எடுத்த கோளாறால், எடுத்திருக்க வேண்டாத கையோ காலோ போயிருந்தது. சிறப்பு மையத்துக்கு வருமுன்பே வேறிடத்தில் சதை எடுத்துக்கொண்டவர்களுக்குச் சிக்கல் மூன்று முதல் ஐந்து மடங்கு அதிகம். 14 ஆண்டு கழித்து மறுபடியும் கணக்கெடுத்தார்கள். பெரிதாக ஒன்றும் மாறியிருக்கவில்லை. அமெரிக்காவிலேயே கதை இதுதான்.

பதினைந்து பிள்ளைகள்

அந்த நர்சிங் ஹோம் டாக்டர் மேல் எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஊருக்குத் திரும்பி ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது.

வளர்கிற பிள்ளைகளுக்கு முழங்காலைச் சுற்றி அதிகம் வருகிற எலும்புப் புற்றுநோய் ஆஸ்டியோசார்கோமா. பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு மூன்று பேர் அளவுக்குத்தான் அது வரும். 2011 மக்கள்தொகைக் கணக்கில் தஞ்சாவூர் மாவட்டம் 24 லட்சம். அப்படியானால் வருஷத்துக்கு ஏழு பேர். திருவாரூரையும், மயிலாடுதுறை அப்போது சேர்ந்திருந்த நாகப்பட்டினத்தையும் கூட்டினால் 53 லட்சம். மொத்த டெல்டாவுக்கும் பதினைந்து, பதினாறு பேர். கும்பகோணத்திலிருந்து வேதாரண்யம் வரை எத்தனை எலும்பு டாக்டர்கள், எத்தனை நர்சிங் ஹோம்கள்! இந்தப் பதினைந்து பிள்ளைகளும் அவர்களுக்குள் சிதறிப்போனால், ஒரு டாக்டர் தன் மொத்த சர்வீஸில் ஒன்றோ இரண்டோ பார்ப்பார். முழங்கால் வலி என்று வருகிற பிள்ளைகளையோ தினமும் பார்க்கிறார். அவர்கள் விளையாட்டில் அடிபட்டு வருகிறவர்கள். இவனும் அப்படித்தான் என்று அவர் நினைத்ததில் ஆச்சரியம் என்ன?

குழந்தைகளின் விழித்திரையில் வருகிற ரெட்டினோபிளாஸ்டோமா இன்னும் அபூர்வம். பதினைந்தாயிரம், இருபதாயிரம் பிரசவத்துக்கு ஒன்று. டெல்டாவில் பிறக்கிற குழந்தைகளை வைத்துப் பார்த்தால் ஆண்டுக்கு நாலைந்து பேர். வசதியுள்ள நாடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பிழைக்கிறார்கள்.

ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு ஆறு பேருக்கும் குறைவாக வந்தால் அது அபூர்வப் புற்றுநோய். இது ஐரோப்பியர்கள் வைத்திருக்கிற வரையறை. அப்படி அவர்கள் பட்டியலிட்டவை ஏறத்தாழ 200 வகை. ஒவ்வொன்றும் அபூர்வம்தான். எல்லாவற்றையும் கூட்டினால், அங்கே புற்றுநோய் வந்தவர்களில் நாலில் ஒருவருக்கு வந்திருப்பது ஏதோ ஓர் அபூர்வ வகை. ஐந்து ஆண்டு தாண்டி உயிரோடிருப்பவர்கள் சாதாரணப் புற்றுநோயில் 63 சதவீதம், அபூர்வ வகையில் 49 சதவீதம். நோயின் கடுமை மட்டும் இதற்குக் காரணமல்ல. பார்த்துப் பழகிய கண்ணும் செய்து பழகிய கையும் குறைவு.

அதனால்தான் இங்கிலாந்தில் எலும்புச் சார்கோமா அறுவைக்கு ஐந்தே ஐந்து மையங்கள். ரெட்டினோபிளாஸ்டோமாவுக்கு பிரிட்டன் முழுவதற்கும் லண்டனிலும் பர்மிங்காமிலுமாக இரண்டு. பிரான்ஸ் சார்கோமாவுக்காக 26 மையங்களை ஒரே வலையாகக் கோத்தது. 12,500-க்கும் மேற்பட்ட நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2017-ல் அவர்கள் வெளியிட்ட முடிவு: சிகிச்சை தொடங்குவதற்கு முன்பே பல துறை டாக்டர்கள் கூடிப் பேசி முடிவெடுத்தவர்களுக்கு, நோய் திரும்பி வருவது குறைந்தது. கத்தியை எடுத்த பிறகு கூடிப் பேசினால் அந்தப் பலன் இல்லை.

இன்னொரு விஷயம், மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்திருப்பவர். பிரான்ஸிலும் இத்தாலியிலும் மூன்று வட்டாரங்களில் சார்கோமா என்று முதலில் சொல்லப்பட்ட ஸ்லைடுகளை, அந்த நோயையே பார்த்துப் பழகிய நிபுணர்களிடம் மறுபடி கொடுத்தார்கள். முதல் ரிப்போர்ட்டும் இரண்டாவது ரிப்போர்ட்டும் முழுமையாக ஒத்துப்போனது 56 சதவீதத்தில்தான். மற்றவர்களுக்கு நோயின் பெயரிலோ தரத்திலோ ஏதோ ஒன்று மாறியது. பெயர் மாறினால் மருந்தும் மாறலாம்.

புதுக்கோட்டைப் பெண் தொடங்கியது

தமிழ்நாட்டில் 'மையம்' என்ற யோசனைக்கு வேர், தஞ்சாவூரிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் தூரத்தில் இருக்கிறது. புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1923-ல் தன் தங்கையை மலக்குடல் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். புற்றுநோய்க்கென்றே ஓர் ஆஸ்பத்திரி வேண்டும் என்ற எண்ணம் அன்று விழுந்த விதை. 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல், 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் நிலையம் திறந்தது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், அடுத்த ஆண்டு வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். 1960-லேயே குழந்தைகளுக்குத் தனிப் புற்றுநோய் வார்டு. சாந்தா 2021 ஜனவரியில், 93 வயதில் இறக்கும்வரை அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை.

தமிழ்நாட்டு முதலமைச்சருக்கே உணவுக்குழாய்ப் புற்றுநோய் அறுவைக்கு நியூயார்க் போக வேண்டியிருந்த காலமும் உண்டு. 1968-ல் அங்கே அறுவை செய்துகொண்டு திரும்பிய அண்ணா, 1969 பிப்ரவரி 3-ல் மறைந்தார். அவர் பெயரில் காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசுப் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. எலும்புப் புற்றுநோயில் காலை எடுக்காமல், நோய் வந்த எலும்பை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் அந்தந்த ஆளின் அளவுக்கே செய்த உலோக மூட்டைப் பொருத்துகிற முறையை, உள்நாட்டிலேயே செய்த மூட்டுகளோடு சென்னையில் பரவலாக்கியவர் டாக்டர் மயில்வாகனன் நடராஜன். மருந்துச் சிகிச்சை வருவதற்கு முன், காலை எடுத்தும்கூட ஆஸ்டியோசார்கோமாவில் ஐந்தில் ஒருவர் பிழைத்தாலே பெரிது. இன்று நோய் பரவாமல் வருகிற பிள்ளைகளில் பத்துக்கு ஆறேழு பேர் பிழைக்கிறார்கள், பெரும்பாலும் காலோடு. இவை எதுவும் ஒரு மூலையில் தனியாக உட்கார்ந்திருக்கிற டாக்டரால் ஆகிற காரியமல்ல.

ஆக, பழகிய கை ஓரிடத்தில் இருக்கட்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. என் மறுப்பு வேறு. கையை ஓரிடத்தில் வைக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, நோயாளியையும் அவன் குடும்பத்தையும் மாசக்கணக்கில் அந்த இடத்தில் கட்டிப்போடுகிறோம்.

21 நாள் முறை

பிளாட்பாரத்தில் அந்த அப்பா சொன்னார்: "மெடிக்கல்ல எழுதிக் குடுத்து ரெண்டு வாரம் ஆச்சு சார். நடவு முடியட்டும்னு பார்த்தோம்."

இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்களுக்கு டெல்டாவின் காலண்டர் தெரியாது. மேட்டூர் வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்தால் குறுவை, அதை விட்டால் சம்பா, குறுவை அறுத்த வயலில் தாளடி. நடவுக் கூலியில்தான் வீட்டுக் கடன் அடையும். குத்தகைக்காரருக்கு நாற்றின் வயது தாண்டினால் போச்சு. அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் குவித்துவிட்டு, மழைக்குத் தார்ப்பாயைப் போட்டுக்கொண்டு முறைக்குக் காத்திருக்கவும் ஆள் வேண்டும். கீமோவுக்கும் ஒரு காலண்டர் இருக்கிறது. பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு முறை. இரண்டு காலண்டரும் மோதும்போது, கீமோதான் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் பிடித்து வைத்த கட்டி மறுபடி தலைதூக்கும்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் ஆபரேஷனுக்கும் மருந்துக்கும் பெரும்பகுதி ஆகிவிடும். ரயிலில் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏ.சி.யிலும் டிக்கெட் இலவசம், கூடப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்குச் சிகிச்சை தருகிற ஆஸ்பத்திரியின் சான்றிதழ் வேண்டும். முதல் பயணத்தில் அது எப்படிக் கையில் இருக்கும்? சென்னையில் தங்குகிற வாடகை, மூன்று வேளைச் சாப்பாடு, ஆட்டோ, ஊரில் போன கூலி, பள்ளிக்கூடத்தை விட்ட தங்கச்சி என்று மிச்சமெல்லாம் குடும்பத்தின் தலையில். கீமோ போட்ட பத்தாவது நாள் ராத்திரி காய்ச்சல் வந்தால்? வெள்ளை அணுக்கள் தரைதட்டியிருக்கிற நேரம் அது. காய்ச்சல் என்றால் ஒரு மணி நேரத்தில் ஊசி ஏற வேண்டும். வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூரே நூறு கிலோமீட்டருக்கு மேல். அடையாறு சொன்ன சீட்டை எடுத்துக்கொண்டு பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ஓடினால், டியூட்டி டாக்டர் அந்தச் சீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்வது ஒன்றுதான்: "அங்கயே கூட்டிட்டுப் போயிடுங்க."

நோயை விட இந்த வாக்கியம் அதிகம் பேரைக் களைக்க வைத்திருக்கிறது. பாதியில் சிகிச்சையை விட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். 'விட்டுட்டோம்' என்று யாரும் சொல்லமாட்டார்கள். 'முடியலை' என்பார்கள்.

முத்துப்பிள்ளையும் தபால்காரரும்

இதற்கு வழி இருக்கிறதா என்றால், எனக்குப் பிடித்த பதில் ஒரு பெண்கள் நோயில் இருக்கிறது. நம் ஊர்க் கிழவிகளுக்கும் தெரிந்த நோய் அது: முத்துப்பிள்ளை. நாள் தள்ளிப்போகும், வாந்தி இருக்கும், வயிறு மாசத்துக்கு மீறிப் பெருக்கும். உள்ளே குழந்தைக்குப் பதில் வேகவைத்த ஜவ்வரிசி போலக் கொத்துக் கொத்தாக நீர் முத்துகள். பெயர் வைத்தவர்கள் கண்ணால் பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஐரோப்பாவைவிட ஆசியாவில் இது அதிகம்.

சுத்தம் செய்துவிட்டால் பெரும்பாலானவர்களுக்கு அதோடு முடிந்தது. சிலருக்கு முடியாது. ஒட்டிக்கொண்டிருக்கிற திசு மறுபடி வளர்ந்து, புற்றுநோயாக மாறி, நுரையீரல் வரை போகும். யாருக்கு முடியும், யாருக்கு முடியாது என்பதை ரத்தத்திலும் சிறுநீரிலும் இருக்கிற ஹெச்.சி.ஜி. என்ற ஒரே பொருள் காட்டிக்கொடுத்துவிடும். கர்ப்பம் உண்டா என்று மருந்துக் கடையில் வாங்கிப் பார்க்கிற அட்டையும் அதைத்தான் பார்க்கிறது. அளவு இறங்கிக்கொண்டே வந்தால் கவலையில்லை. நின்றாலோ ஏறினாலோ மருந்து தொடங்க வேண்டும்.

பிரிட்டனில் 1973 முதல், முத்துப்பிள்ளை என்று தெரிந்த ஒவ்வொரு பெண்ணின் பெயரும் பதிவாகிறது. பதிய மூன்று மையங்கள். சிகிச்சைக்கு இரண்டே இரண்டு: லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையும் ஷெஃபீல்டும். சேரிங் கிராஸில் இதைக் கட்டி எழுப்பியவர் டாக்டர் கென்னத் பாக்ஷா. இத்தனை இறுக்கமாக மையப்படுத்தியும், வேல்ஸ் மலைக் கிராமத்துப் பெண் லண்டனுக்கு ஓட வேண்டியதில்லை. அவளுக்குத் தபாலில் ஒரு சின்னப் பெட்டி வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அதில் சாம்பிளைப் போட்டுத் தபாலில் திருப்பி அனுப்புவாள். மையத்தில் அளந்து பார்ப்பார்கள். மருந்து தேவைப்படுகிறவர்களை மட்டும் கூப்பிடுவார்கள். குணமாகிறவர்கள் கிட்டத்தட்ட நூற்றுக்கு நூறு.

குப்பிதான் பயணம் போகிறது, பெண் வீட்டில் இருக்கிறாள். இதில் நம்மால் முடியாதது எது? ஹெச்.சி.ஜி. பரிசோதனை தஞ்சாவூரில் தனியார் லேப்களிலேயே செய்கிறார்கள். ஆரம்பக் கட்டத்தில் போதுமான மெத்தோட்ரெக்ஸேட் ஊசி விலை குறைந்த பழைய மருந்து. நம்மிடம் குறைவது ஒரு நோட்டும் ஒரு போனும்: சுத்தம் செய்துகொண்டு போன பெண்ணின் பேரை எழுதிவைக்கிற நோட்டு, பதினைந்தாம் நாள் வரவில்லை என்றால் கூப்பிடுகிற போன். 'சுத்தம் பண்ணியாச்சு, ஆறு மாசம் பிள்ளை வேண்டாம்' என்ற ஒரு வாக்கியத்தோடு வீட்டுக்குப் போகிற பெண், திரும்பி வரும்போது இருமலில் ரத்தத்தோடு வரக்கூடாது.

ரத்தப் புற்றுநோயில் நாள்பட்ட மைலாய்டு வகைக்கும் இதே பாடம் பொருந்தும். எந்த வகை என்று உறுதி செய்கிற மரபணுச் சோதனைக்குப் பெரிய மையம் வேண்டும். உறுதியான பிறகு வேண்டியது தினம் ஒரு மாத்திரை, மாதம் ஒரு ரத்தப் பரிசோதனை. அந்த மாத்திரையான இமாடினிப் விலை வானத்தில் நின்றபோது, நோவார்டிஸ் நிறுவனத்தின் காப்புரிமை வழக்கு நம் சென்னை உயர் நீதிமன்றத்தையும் தொட்டுச் சென்று, 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. மாத்திரை மலிவாகிவிட்டது. அதை வாங்க மன்னார்குடிக்காரர் மாசா மாசம் ரயிலேற வேண்டியதில்லை.

கடைமடை வரை

டெல்டாக்காரனுக்கு மையம், கிளை என்று பாடம் எடுக்க வேண்டியதில்லை. கல்லணையில் நின்று பார்த்தால் காவிரி, வெண்ணாறு, புது ஆறு, கொள்ளிடம் என்று தண்ணீர் நாலாகப் பிரிவது தெரியும். எந்த ஆற்றில் எவ்வளவு என்பதை அங்கே முடிவு செய்கிறார்கள். அதற்காக விவசாயி கல்லணைக்குக் குடத்தோடு போவதில்லை. வாய்க்கால் தூர்ந்து கிடந்தால் மட்டும், கல்லணை திறந்து எத்தனை நாளானாலும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டாது. தஞ்சாவூர் மெடிக்கல் அந்த வாய்க்கால். அதைத்தான் தூர்வார வேண்டும்.

அங்கே வசதியில்லை என்று சொல்ல முடியாது. கீமோ உண்டு, அறுவை உண்டு. நம் ஜனங்கள் 'கரண்ட் வைக்கிறது' என்று சொல்கிற கதிரியக்கத்துக்கு லீனியர் ஆக்சிலரேட்டர் உண்டு. திருவாரூரில் 2010-லிருந்தும் நாகப்பட்டினத்தில் 2022-லிருந்தும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மார்பு, கர்ப்பப்பை வாய், வாய்ப் புற்றுநோய் எல்லாம் இங்கேயே முடியக்கூடியவை. பெயருக்காகவும் பயத்தாலும் இவற்றுக்கும் சென்னைக்கு ஓடுகிறோம். அந்தக் கூட்டத்துக்குப் பின்னால், சென்னைக்குப் போய்த்தான் ஆக வேண்டிய எலும்புக் கட்டிக்காரப் பையனும் டோக்கனோடு நிற்கிறான். சுற்றுப்புறத்தில் யாராவது அப்படிக் கிளம்பினால் ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேளுங்கள் என்பேன்.

அபூர்வ வகையில் வேண்டியது வேறு. டெல்டாவில் எந்த டாக்டராக இருந்தாலும் சந்தேகமான கட்டியைக் கீறுவதற்கு முன் படத்தை அனுப்பிக் கேட்க ஓர் எண், அன்றைக்கே பதில் சொல்ல ஓர் ஆள். சதை எடுத்த பிறகு நோயாளிக்குப் பதில் ஸ்லைடு முதலில் ரயிலேற வேண்டும். அறுவை மையத்தில்; அதற்கு முன்னும் பின்னும் உள்ள கீமோ, மையம் எழுதிக்கொடுத்தபடி தஞ்சாவூரில். ஆஸ்டியோசார்கோமாவுக்கு மும்பை டாட்டா மெமோரியல் வகுத்த ஓ.ஜி.எஸ்.-12 என்ற மருந்து முறையைக் கொடுக்க, ரத்தத்தில் மெத்தோட்ரெக்ஸேட் அளவைப் பார்த்துக்கொண்டே இருக்கிற விசேஷ வசதி தேவையில்லை. மாவட்டத்தில் கொடுக்கக்கூடிய முறை நம் நாட்டிலேயே இருக்கிறது. வலிக்கு மார்ஃபின் இன்னும் பக்கத்தில், தாலுகா ஆஸ்பத்திரியில் கிடைக்க வேண்டும். சாகப்போகிறவரை வலி மாத்திரைக்காக பஸ்ஸில் ஏற்றுவது கொடுமை.

இதெல்லாம் கனவுமல்ல. அஸ்ஸாமில் அரசும் டாட்டா அறக்கட்டளைகளும் சேர்ந்து மூன்று படிநிலைகளில் புற்றுநோய் மருத்துவமனைகளைக் கட்டின. 2022 ஏப்ரலில் ஒரே நாளில் ஏழு திறந்தன. 2012-ல் தொடங்கிய தேசியப் புற்றுநோய் இணையத்தில் இன்று 300-க்கும் மேற்பட்ட மையங்கள். கடினமான கேஸ்களை வீடியோவில் வைத்துக் கூடிப் பேசுகிறார்கள். அடையாறும் அதில் உண்டு. அதே 2012-ல் தமிழ்நாடு முழுவதற்குமான புற்றுநோய்ப் பதிவுத் திட்டமும் அடையாறின் பொறுப்பில் தொடங்கியது. கருவி இருக்கிறது, பதிவு இருக்கிறது, நிபுணர்கள் இருக்கிறார்கள்.

இடிக்கிற இடம் பணம். எந்த ஆஸ்பத்திரி வெட்டுகிறதோ அதற்குக் காப்பீட்டுப் பணம் என்றால், 'நான் வெட்டமாட்டேன், அங்கே போங்க' என்று சொல்கிற நல்ல டாக்டருக்கு ஒன்றுமில்லை. அபூர்வக் கட்டி அறுவைகளுக்குச் சில மையங்களை மட்டும் அரசு பெயர் சொல்லிக் குறிக்க வேண்டும். அந்த மையங்களின் திட்டப்படி ஊரில் கீமோ கொடுக்கிற ஆஸ்பத்திரிக்கும் சேர்த்தே பணம் போக வேண்டும். தனியார் ஆஸ்பத்திரிகள் முணுமுணுக்கும், முணுமுணுக்கட்டும். இன்னொரு ஆட்சேபம் நியாயமானது: எல்லாவற்றையும் அங்கே அனுப்பினால் இங்குள்ள டாக்டர்கள் எப்போது கற்றுக்கொள்வது? முதல் நாளிலேயே சந்தேகப்பட்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டு போனை எடுக்கிற டாக்டர் அரைவாசிக் கஷ்டத்தைத் தீர்த்துவிட்டார். அதுவும் பழகிப் பழகி வருகிற திறமைதான்.

அன்று உழவன் வந்ததும் அந்த அப்பா பையனை முதுகில் தூக்கிக்கொண்டார். கவரை என்னிடம் கொடுத்து, படியேறிய பிறகு வாங்கிக்கொண்டார். உள்ளே ஃபிலிம் மட்டும்தான் இருந்தது. கீறி எடுத்த சதையைப் பற்றி ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே சொல்கிறேன். எலுமிச்சம்பழத்தைவிடப் பெரிய கட்டி, பெரிதாகிக்கொண்டே போகிற கட்டி, ராத்திரியில் தூங்கவிடாத எலும்பு வலி இருந்தால் உருவாதீர்கள், கட்டுப் போடாதீர்கள், ஸ்கேன் பார்க்காமல் யாரையும் கீறவிடாதீர்கள். செல்போனில் ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண் பாப்பா வெள்ளையாகத் தெரிந்தால், மறுநாளே கண் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் உடம்பிலிருந்து எடுத்த சதை எதுவானாலும் அது பரிசோதனைக்குப் போகிறதா என்று கேளுங்கள். அந்தச் சதையை மெழுகில் பதித்து 'பிளாக்' என்று வைத்திருப்பார்கள், தீப்பெட்டி அளவுதான் இருக்கும். ஊர் மாறி சிகிச்சைக்குப் போகும்போது ரிப்போர்ட்டோடு அதையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.